மூன்றாம் தட்டு

போன வாரம் ஊசியை எந்த இடத்தில் விட்டோமோ, அதே இடத்தில்தான் அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். மைக்ராஸ்கோப்பின் முன்னால், இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

காலை ஏழே முக்கால். ஆய்வுக்கூடத்தில் வேறு ஈ காக்கை இல்லை. பழுதுபார்க்கப் போயிருந்த பச்சை விளக்கு நேற்று மாலைதான் திரும்பி வந்திருந்தது. சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மூன்றாம் தட்டை அதன் கீழே வைத்தவள், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். ஊசி என்பது அவளுடைய பெயரல்ல. முடியை விட மெல்லிய கண்ணாடிக் குழாயால், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உறிஞ்சி எடுத்து வேண்டிய குழியில் அலுங்காமல் வைக்கும் அந்தக் கைக்குக் கூடத்தில் வைத்த பெயர். அந்தக் கையைப் பார்த்து மயங்கித்தான் கூடத்தின் தலைவி பத்து வருடங்களுக்கு முன்பு அவளைத் தன் தம்பிக்குக் கட்டிவைத்தாள். "மைக்ராஸ்கோப்பையே நம்பிக் கொடுத்துட்டேன், தம்பியைக் கொடுக்கறதுக்கு என்ன?" என்று கல்யாணத்தில் எல்லோரிடமும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த அம்மாள் வேலையில் மேடம், வீட்டில் அண்ணி. ஒரே வீடு. ஒரே சாப்பாட்டு மேசை.

மேடம் பதினான்கு வருடங்களாக ஒரே ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஒரு செல்லுக்கு மருந்து கொடுத்து, வேகமாகச் சுழற்றினால் அதன் உட்கரு பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சுற்றிலும் ஒரு மெல்லிய சவ்வு, ஒட்டிக்கொண்ட கொஞ்சம் சாறு, அவ்வளவுதான் அதன் சொத்து. உடல் முழுக்கப் பின்னால் தங்கிவிடும். அப்படி உடலை இழந்த உட்கரு மூன்று நாளில் செத்துப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இல்லை, சிலது சாகாது, தனக்கு ஒரு உடலைத் தானே மறுபடி வளர்த்துக்கொண்டு, பிறகு இரண்டாகவும் பிரியும் என்பது மேடத்தின் கட்சி.

இந்த வாரம் அந்தக் கட்சி ஜெயித்துவிட்டது. மூன்று தட்டுகளில், மொத்தம் முந்நூறுக்குப் பன்னிரண்டு குறைவான குழிகளில், குழிக்கு ஒன்றாக ஊசி வைத்த உட்கருக்களில், பதினொன்று உயிரோடு எழுந்து பெருகியிருந்தன. கட்டடம் முழுக்கப் பேச்சு. இந்தக் கூடத்தை மூடி வேறு குழுவுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மேலிடமே, நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறது. இன்று மூன்று மணிக்கு.

இப்போது விளக்கின் கீழே பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன மணிகள்.

அந்த மணிகள்தான் சாட்சி. பிரிப்பதற்கு முதல் நாளே செல்களுக்கு நுண்ணிய மணிகளைத் தின்னக் கொடுப்பார்கள். மணிகள் செல்லின் உடலில் தங்கும். உட்கருவைப் பிய்த்தால் அவை உடலோடு பின்தங்கிவிடும். ஆகவே குழியில் மணி மின்னினால், அங்கே வைத்தது உட்கரு அல்ல. பிய்யாமல் முழுசாகவே உதிர்ந்து வந்த சாதாரணச் செல். சாதாரணச் செல் பெருகுவதில் என்ன அதிசயம்? அது அதன் பிழைப்பு.

மூன்றாம் தட்டில் வளர்ந்தவை பத்து. பத்திலும் மணி. இருபது இருபத்தைந்து செல்களாகப் பெருகியிருந்த ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண் சிமிட்டின.

இரண்டாம் தட்டில் வளர்ந்தது ஒன்றே ஒன்று. அதை வைத்தாள். விளக்கைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். இருட்டு. இரண்டு செல்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. மணி எதுவும் இல்லை.

ஊசி வாயிலிருந்து கையை எடுத்தாள். ஆறு நாட்களுக்கு முந்தைய மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று முதல் தட்டிலும் இரண்டாவதிலும் குழி குழியாக விளக்கில் பார்த்து, 'மணி இல்லை' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறி போட்டிருந்தாள். மூன்றாவதை எடுக்கும்போது போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள், தொண்ணூற்றாறு குழிகளுக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு ஓடினாள். மறுநாள் விளக்கு பழுதாகிவிட்டது.

போனில் கூப்பிட்டது அவள் கணவன். இப்போது அவனை அவள் கூப்பிட்டாள்.

"சொல்லு. நான் ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிட்டிருக்கேன்" என்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நானும்தான்" என்றாள் ஊசி. விஷயத்தைச் சொன்னாள்.

மறுமுனையில் ஸ்பேனர் எதன் மேலோ வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"பத்துமா?"

"பத்தும்."

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதையால்ல இருக்கு." பெருமூச்சு விட்டான். "சரி, இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இரு. அந்த ஆள் பாத்துட்டுப் போகட்டும். நாளைக்கு அக்காகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லலாம்."

"அந்த ஆள் போனப்புறம் சொன்னா, அதுக்குப் பேரு வேற."

"இன்னிக்குச் சொன்னா, ஏன் பாக்கலைன்னு கேப்பா. அன்னிக்கு எங்க போனேன்னு கேப்பா. வீட்டு விஷயம் வெளிய வரும்."

"வரும்."

மறுமுனையில் ஸ்பேனரை மறுபடி எடுக்கும் சத்தம். "எனக்கு ஒம்பது வயசுலேர்ந்து அவதான் சோறு போட்டா, தெரியுமில்ல உனக்கு? நாம தனியாப் போறோம்னு நான்தான் சொல்லணும்னு இருந்தேன். நல்ல நாளா, நல்ல நேரமாப் பாத்து."

"மூணு மாசமா நல்ல நேரம் வரவே இல்லையே."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும்" என்றான், ஏதோ அதை அவள் மறந்துவிட்ட மாதிரி. பிறகு, "உனக்கு எது சரின்னு படுதோ செய். நான் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டான்.

ஒன்பது மணிக்கு மேடம் வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கோட்டு. வந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கதவில் ஒட்டச் சொன்னாள். ஊசியின் எட்டு வயது மகள், வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிறவள், காலையில் அவசரமாக வரைந்து கொடுத்தது. பதினொரு வட்டங்கள். பதினொன்றுக்கும் கண், மூக்கு, பல் தெரிகிற சிரிப்பு. கீழே 'அத்தையின் செல்கள்' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது.

ஊசி ஒட்டினாள். நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்தாள். பிறகு திரும்பி, "அண்ணி" என்றாள்.

மேடம் சட்டென்று நிமிர்ந்தாள். பத்து வருடத்தில் இந்தக் கூடத்துக்குள் அந்தச் சொல் விழுந்ததில்லை.

"குழந்தைக்கு ஏதாவதா?"

"இல்ல. மூணாந்தட்டு. காலைல விளக்குல வச்சுப் பாத்தேன். பத்துலயும் மணி இருக்கு."

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஊசிக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையைக்கூடக் கீழே வைக்காமல் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து, "வை" என்றாள். ஊசி தட்டை வைத்து ஒவ்வொரு குழியாக நகர்த்த நகர்த்த, அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பத்துக் குழிக்கு அரை மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். ஏழாவதிலிருந்து அதையும் சொல்லவில்லை.

"ரெண்டாந்தட்டு?"

"அதுல இல்ல. நாலு தடவ பாத்தேன்."

"வை."

இந்த முறை வெகுநேரம் ஆயிற்று. வெளியே நடைபாதையில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இல்ல" என்றாள் அண்ணி கடைசியில், கண்ணை எடுக்காமலே. "ஒண்ணுகூட இல்ல." அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா துக்கமா என்று ஊசிக்குப் பிடிபடவில்லை. "நோட்டை எடு."

நோட்டைத் திறந்ததும் அந்தக் கோடு தானாகவே கண்ணில் பட்டது. மற்ற பக்கங்களில் குறிகள் எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்க, இந்தப் பக்கத்தில் மட்டும் ஒரே இழுப்பு.

"இது என்ன?"

"பாக்காமலே போட்டுட்டேன்."

"இத நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்?" என்று அண்ணி தன்னையே கேட்டுக்கொண்டாள். "பத்தும் ஒரே தட்டுல இருக்கேன்னு தோணுச்சு. வேகமா வேற வளருது. புது ஊட்டம் சேத்தோமே, அதனாலன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆசை கண்ணை மறைச்சிருச்சு." நோட்டை மூடினாள். "நீ ஏன் பாக்கல?"

"போன் வந்துச்சு."

"யாருகிட்டேர்ந்து?"

பள்ளிக்கூடத்திலிருந்து என்று சொல்லிவிடலாம். வாலு கீழே விழுந்துவிட்டாள் என்று சொல்லலாம். வாலு வாரத்துக்கு மூன்று தடவை விழுகிறவள்தான். பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஊசி அதை மென்று விழுங்கினாள்.

"உங்க தம்பி. ஒரு வீடு பாத்திருந்தோம். அன்னிக்கு மத்தியானம் விட்டா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு சொன்னாங்களாம். பாக்க ஓடினேன்."

"யாருக்கு வீடு?"

"எங்களுக்கு."

அண்ணி நாற்காலியில் மெல்லச் சாய்ந்தாள். "எத்தன நாளா?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா என்கூட ஒரே மேசையில உக்காந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "உன் யோசனையா, அவன் யோசனையா?"

"என்னோடது."

"நான் என்ன செஞ்சேன்?"

ஊசி இந்தக் கேள்விக்கு மூன்று மாதமாக மனதுக்குள் பதில் எழுதி வைத்திருந்தாள். நீளமான, நியாயமான, யாரையும் நோகடிக்காத பதில். அது இப்போது ஒரு வரிகூட வரவில்லை.

"ஒண்ணும் செய்யல அண்ணி. பகல் முழுக்க மேடம். ராத்திரி முழுக்க அண்ணி. ஒரு தப்பு செஞ்சா, அதை வச்சு அழறதுக்குக்கூட எனக்குத் தனியா ஒரு இடமில்ல."

அண்ணி கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடவா?" என்று ஊசி கேட்டாள்.

"இருக்கட்டும். அவ கணக்குல தப்பில்ல, நாம சொன்னதத்தான் வரைஞ்சிருக்கா." பிறகு, "அந்த வீட்டுல அவ தூங்கற அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றாள்.

"கிழக்கு."

"காலைல மூஞ்சியில வெயில் அடிச்சா அன்னிக்குப் பூரா சிடுசிடுன்னு இருப்பா. கனமாத் திரை போடுங்க." எழுந்து கோட்டை நீவிவிட்டுக்கொண்டாள். "மூணாந்தட்டைத் தனியா எடுத்து வை. தூக்கிப் போட்டுடாதே. அவருக்குக் காட்டணும்."

மூன்று மணிக்கு வரவேண்டியவர் மூன்றுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்தார். அவரிடம் மாட்டியவர்கள் எல்லோரும் அவருக்குச் சந்தேக சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி கொடுக்கும் காப்பியில்கூடச் சர்க்கரை போட்டாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் குடிப்பார் என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

"பதினொண்ணு, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"பதினொண்ணுன்னு எழுதியிருந்தேன்" என்றாள் மேடம். "இல்ல. ஒண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மேடம் சொன்னாள், மணிகளை, நோட்டில் இழுத்திருந்த கோட்டை, எல்லாவற்றையும். யார் கோடு போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று ஊசிக்குப் புரிந்தது.

"நான்தான் சார் பாக்காம விட்டேன்" என்றாள் ஊசி.

சந்தேக சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தப்பு செய்யறவங்கள நான் தினமும் பாக்கறேன்மா. நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி வந்து சொல்றவங்களத்தான் பாத்ததில்ல. அந்த ஒண்ணக் காட்டுங்க."

பார்த்தார். பிறகு, "இது உட்கருவா இருந்தப்ப எடுத்த படம் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஊசி நாள்வாரியாக எடுத்து வைத்தாள். முதல் நாள், கருத்த ஒரு விதை மாதிரி. இரண்டாம் நாள், அதே விதை, இன்னும் சுருங்கி. செத்துவிட்டது என்றே அன்று அவள் நினைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஒரு ஓரம் லேசாகக் கசிந்தாற்போல் பரவியிருந்தது. நான்காம் நாள் அதற்கு உடல் இருந்தது. தரையைப் பற்றிக் கால் நீட்டியிருந்தது. நேற்று, இரண்டு.

அவர் மூன்றாம் நாள் படத்தை மட்டும் கையில் எடுத்து ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். நிழல் அவர் முகத்தில் நகரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா சந்தேகப்படறதுதான் என் வேலை" என்றார் கடைசியில். "இதுல எங்க சந்தேகப்படறதுன்னு தேடிட்டிருக்கேன். கிடைக்கல. அதனாலயே சந்தேகமா இருக்கு."

மேடம் லேசாகச் சிரித்தாள். இன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

"ஒண்ண வச்சு நான் நம்ப மாட்டேன். அதுக்காக ஒண்ண வச்சுக்கிட்டு இந்த அறையைப் பூட்டுன்னும் எழுத மாட்டேன். ஒரு மாசம் தர்றேன். மறுபடி செய்யுங்க, நாலு தட்டு. நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு குழியா விளக்குல பாப்பேன்." எழுந்தார். "ஒரு நிபந்தனை. உட்கருவ எடுத்துக் குழியில வைக்கறது மேடம் கையாலயே நடக்கணும். கோவிச்சுக்காதேம்மா. ஒரு தடவ கோடு போட்ட கை, மேலிடத்துல அதத்தான் பேசுவாங்க."

ஊசிக்குச் சுருக்கென்றது. ஆனால் அது நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

"சரி" என்றாள் மேடம். உடனே, யோசிக்காமல்.

அவரை வாசல் வரை கொண்டுவிட்டுத் திரும்பிய ஊசி, கூடத்தின் உள்ளறையில் ஒரு சத்தம் கேட்டு நின்றாள். கண்ணாடியில் கண்ணாடி தட்டுகிற சத்தம். டிக், டிக், டிக் என்று மழைத்துளி மாதிரி.

அண்ணி மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் அந்த மெல்லிய குழாய். அதன் நுனியைக் காலித் தட்டின் குழிக்குள் இறக்கப் பார்த்தாள். நுனி குழிக்குப் போகவில்லை. விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அப்போதும் நிற்கவில்லை.

ஊசி பின்னால் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழாயை மேசை மேல் வைத்தாள்.

"கதவச் சாத்து."

ஊசி சாத்தினாள்.

"ஒரு வருஷமா இருக்கு" என்றாள் அண்ணி. "முதல்ல ஒரு விரல்தான். அப்புறம் மெதுவா."

"டாக்டர்கிட்ட..."

"போகல. போனா அதுக்கு ஒரு பேரு வச்சுக் கையில கொடுத்துடுவாங்க." உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், பெஞ்சில் உட்கார்ந்த சின்னப் பெண் மாதிரி. "தட்டு பூராவும் உன்னையே செய்யச் சொன்னேன், கையெழுத்துக்கூட உன்னையே போடச் சொன்னேன். என் மேல இவ்வளவு நம்பிக்கையான்னு நினைச்சிருப்ப."

நினைத்திருந்தாள். அதைத்தான் நினைத்திருந்தாள். அந்த நம்பிக்கை கழுத்தை இறுக்குகிறது என்றுதான் தனி வீடே தேடினாள்.

"அப்ப ஏன் அவர்கிட்ட சரின்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? இன்னிக்கு ஒரு நாளைக்கு எத்தனை உண்மை சொல்றது?" அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். "உன் புருஷனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வீடாவது ஒண்ணாவதுன்னு இங்கயே உக்காந்துடுவான். எனக்குத் தெரியாதா அவன? நீங்க வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

"அண்ணி, நீங்க தனியா எப்படி..."

"மேடம்னு சொல்லு. இன்னும் அஞ்சு மணி ஆகல."

ஊசி தட்டுகளைத் துடைத்தாள். இரண்டாம் தட்டைக் கதகதப்பான பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்து மூடினாள். காலையில் ஒரு பாரத்தை இறக்கி வைத்தோம் என்று நினைத்திருந்தாள். இதைவிட அது தேவலை போலிருந்தது. அதில் மறைத்தது தன் தப்பு. இது இன்னொருத்தியின் உடம்பு.

ஐந்து மணிக்குக் கீழே இறங்கினாள். கணவன் காரைக் கட்டடத்துக்கு எதிரே நிறுத்தியிருந்தான். முழங்கை வரை கிரீஸ். அவள் முகத்தைப் பார்த்ததுமே குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வீட்டு விஷயமும்?"

"அதுவும்."

"என்ன சொன்னா?"

"ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. திரை போடச் சொன்னாங்க."

அவன் நம்பாமல் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தெருவோரக் கடைக்குப் போய் மூன்று காகிதக் கோப்பைகளில் டீ வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குள் அண்ணியும் இறங்கி வந்துவிட்டாள். கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளும்.

"அக்கா" என்றான். மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கோப்பையை நீட்டினான். விளிம்பு வரை ததும்பிய டீ.

அண்ணி அதைப் பார்த்தாள். கைகள் பைக்குள்ளேயே இருந்தன.

"வேண்டாம்டா. வயிறு சரியில்ல" என்றுவிட்டு காரின் பின் சீட்டில் போய் ஏறிக்கொண்டாள்.

அவன் நீட்டிய கோப்பையோடு அப்படியே நின்றான்.

"முப்பது வருஷத்துல அக்கா டீய வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றான். "அவ்வளவு கோவமா என் மேல?"

ஊசி வாயைத் திறந்தாள். பின் சீட்டு ஜன்னல் வழியாக அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.